எங்க படிச்சாலும் சரி, சர்டிபிகேட் யார் தர்றாங்கன்னு பாருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு எடுத்த கேள்விங்க எல்லாமே கம்ப்யூட்டர் சர்டிபிகேட் பத்தினதுதான். ஊர்ல, நூலகத்துல, குழு கட்டடத்துல கம்ப்யூட்டர் கத்துக்கிட்டவங்க, அத வச்சு வேலைக்குப் போகும்போது எங்க முட்டிக்கிட்டு நிக்கறாங்கன்னு இதப் படிச்சாலே புரியும். கொஞ்சம் விரிவாவே பதில் எழுதிருக்கேன்.

அக்கா, எங்க ஊர்ல மகளிர் குழு கட்டடத்துல ஒரு டிரஸ்ட்காரங்க மூணு மாசம் ப்ரீயா கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்தாங்க. வேர்டு, எக்செல், மெயில் அனுப்பறது, ஆன்லைன்ல கரண்ட் பில் கட்டறது எல்லாம் நல்லாவே சொல்லித் தந்தாங்க. கடைசில சர்டிபிகேட்டும் குடுத்தாங்க, தங்கக் கலர் சீல், "அரசு பதிவு பெற்றது"ன்னு ஒரு வரி, ஐஎஸ்ஓ நம்பர் எல்லாம் இருக்கு. டவுன்ல ஒரு டேட்டா என்ட்ரி வேலைக்குக் கொண்டு போனேன், இது செல்லாதுன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க. நான் பன்னிரெண்டாவது வரைக்கும்தான். படிச்சது எல்லாம் வீணா?
வாசகி, உசிலம்பட்டி

வீணே இல்லம்மா. எக்செல்ல ஒரு டேபிள் போடத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான், அத யாரும் திருப்பி வாங்கிக்க முடியாது. ஆனா கத்துக்கறது வேற, கத்துக்கிட்டேன்னு நாலு பேர் ஒத்துக்கற மாதிரி ஒரு பேப்பர் வாங்கறது வேற, ரெண்டும் ஒரே இடத்துல நடக்கணும்னு அவசியமே இல்ல. இது தெரியாமத்தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க.

மொதல்ல உங்க கைல இருக்கற சர்டிபிகேட்டப் பாப்போம். "அரசு பதிவு பெற்றது"ன்னா அந்த டிரஸ்ட் பதிவாகியிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். பதிவு ஆபீஸ்ல பத்திரம் பதிஞ்சா எந்த டிரஸ்டும் பதிவு பெற்றதுதான், அவங்க நடத்தற கோர்ஸ அரசு ஒத்துக்கிச்சுன்னு அதுல எங்கயும் இல்ல. ஐஎஸ்ஓ 9001 நம்பரும் அப்படித்தான், ஒரு நிறுவனம் தன் நிர்வாகத்த ஒழுங்கா ஒரு முறைல நடத்துதான்னு பாத்துக் குடுக்கறது, கோர்ஸோட தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சில இடத்துல எம்எஸ்எம்இ பதிவு நம்பர் போட்டுருப்பாங்க, அது வெறும் தொழில் பதிவு, மாவு மில்லுக்கும் அதே பதிவுதான். இத எல்லாம் போட்டது உங்க டிரஸ்ட்காரங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல, ப்ரீயா சொல்லித் தந்துருக்காங்க, நல்ல மனசு. ஆனா படிச்சவங்களுக்கு இது எதுக்குச் செல்லும், எதுக்குச் செல்லாதுன்னு மொத நாளே சொல்லியிருக்கணும், அதுதான் எனக்கு வருத்தம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, சிசிசி, அதாவது கோர்ஸ் ஆன் கம்ப்யூட்டர் கான்செப்ட்ஸ்ங்கற அடிப்படை கம்ப்யூட்டர் பரீட்சை எழுதறது. மத்திய அரசோட மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குக் கீழ வர்ற நைலிட்ங்கற நிறுவனம்தான் இத நடத்துது. முன்னாடி டோயக்னு சொல்லுவாங்க, 2011ல பேர் மாத்துனாங்க, உங்க வீட்டுல பெரியவங்க யாராச்சும் டோயக் ஓ லெவல்ங்கற கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சுருந்தா அது இதே ஆளுங்கதான். சிசிசி 80 மணி நேரப் பாடம். எந்த சென்டர்லயும் சேராம நேரடியா நீங்களே ஆன்லைன்ல அப்ளை பண்ணி எழுதலாம், கல்வித் தகுதின்னு எதுவும் கேக்கறதில்ல. கட்டணம் 500 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி. 100 கேள்வி, 90 நிமிஷம், எல்லாமே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சரியான பதில க்ளிக் பண்றதுதான். தப்பா போட்டா மார்க் கழிக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியக்கூட விடாதீங்க. 50 எடுத்தா பாஸ், 85க்கு மேல போனா எஸ் கிரேடு. உங்க டிரஸ்ட் கிளாஸ்ல படிச்சதே இதுல பாதிக்கு வந்துரும்.

அப்ளை பண்ணும்போது ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க, பேர். நம்ம ஊர்ல பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல பின்னாடி இருக்கும், சிலருக்கு ஆதார்ல அப்பா பேர முழுசா விரிச்சுப் போட்டுருப்பாங்க, கல்யாணம் ஆனவங்களுக்குப் பேருக்குப் பின்னாடி வீட்டுக்காரர் பேர் வந்து ஒட்டிக்கிட்டிருக்கும். பாரத்துல நீங்க என்ன அடிக்கறீங்களோ அதேதான் சர்டிபிகேட்ல வரும். அதனால பத்தாவது மார்க் ஷீட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா பாத்து அடிங்க, ஆதார் வேற மாதிரி இருந்தா அத மொதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க. போட்டோ, கையெழுத்து, இடது கட்டைவிரல் ரேகை மூணையும் சொன்ன சைஸ்ல அப்லோடு பண்ணனும், ரேகைய வெள்ளப் பேப்பர்ல இங்க் பேட் வச்சு எடுத்து வெளிச்சத்துல போட்டோ எடுங்க, மங்கலா இருந்தா அப்ளிகேஷனே நின்னு போகும்.

பாஸ் ஆனதும் சர்டிபிகேட் டிஜிலாக்கர்ங்கற அரசு ஆன்லைன் பெட்டகத்துலயே வந்துரும். எந்த ஆபீஸ்காரரும் உக்காந்த இடத்துல இருந்தே இது உண்மையான்னு சரி பாத்துக்கலாம், தங்கக் கலர் சீலால பண்ண முடியாதது இதுதான். டேட்டா என்ட்ரி வேலைக்கு டைப்பிங் ஸ்பீடும் பாப்பாங்க, அந்தப் பழக்கத்த விட்டுராதீங்க.

அக்கா, சிசிசி எழுதலாம்னு பாக்கறேன். நான் முழுக்க தமிழ் மீடியம். பரீட்சை தமிழ்ல உண்டா? இங்கிலீஷ்னா எனக்கு கை நடுங்குது.
வாசகர், ஜெயங்கொண்டம்

பரீட்சை இங்கிலீஷ், இந்தி ரெண்டுலதான் தம்பி. தமிழ்ல வைக்கணும்னு நானும் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், கிராமத்துல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு விஷயம் தெரிஞ்சும் கேள்வி புரியாம மார்க் போறது அநியாயம். ஆனா பயப்படற அளவுக்கு இல்ல. கேள்வில வர்ற இங்கிலீஷ் எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே ஒரு நூறு, நூத்தம்பது வார்த்தைக்குள்ளதான் சுத்தும், அதுலயும் ஃபைல், ஃபோல்டர், சேவ், பேஸ்ட், பிரவுசர், பாஸ்வேர்டுன்னு பாதி நீங்க தினமும் பேசறதுதான். ஒரு நோட்டு போட்டு, மெனுல இருக்கற ஒவ்வொரு வார்த்தையவும் எழுதி, அத க்ளிக் பண்ணா என்ன நடக்குதுன்னு பக்கத்துல தமிழ்ல எழுதுங்க. பரீட்சைக்கு அதுதான் உங்க டிக்‌ஷனரி.

இன்னொன்னு, நிறைய பேர் இங்கதான் மார்க்க விடறாங்க. சிசிசில வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் கிடையாது, லிப்ரே ஆபீஸ்தான், அதாவது ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ். வேலை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்னுதான், ஆனா "ரைட்டர்ல சேவ் பண்ணா ஃபைலோட கடைசி எழுத்து என்ன"ன்னு கேட்டா வேர்டு பழகினவங்க டக்குனு டாக்எக்ஸ்னு க்ளிக் பண்ணிருவாங்க. ரைட்டருக்கு ஓடிடி, கால்க்குக்கு ஓடிஎஸ், இம்ப்ரெஸ்க்கு ஓடிபி. லிப்ரே ஆபீஸ் ப்ரீதான், டவுன்லோடு பண்ணி ஒரு தடவ உங்க கையாலயே மூணையும் திறந்து எதையாச்சும் அடிச்சு சேவ் பண்ணிப் பாருங்க, படிச்சு மனப்பாடம் பண்றத விட அது நிக்கும். இது போக இமெயில், சோஷியல் மீடியா, அரசு ஆன்லைன் சேவை, யுபிஐ மாதிரி பணம் அனுப்பற விஷயம், சைபர் செக்யூரிட்டி எல்லாம் பாடத்துல இருக்கு, போன்ல ஜிபே போடற பையனுக்கு அதுல பாதி ஏற்கனவே தெரியும்.

மேடம், டைப்ரைட்டிங் தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர் முடிச்சிருக்கேன். குரூப் 4 டைப்பிஸ்ட் போஸ்ட்டுக்கு சிசிசி இருந்தா போதும்னு பக்கத்து வீட்டு அண்ணா சொல்றார், சிஓஏதான் வேணும்னு டைப்பிங் மாஸ்டர் சொல்றார். யார் சொல்றது சரி?
வாசகி, விருத்தாசலம்

உங்க மாஸ்டர் சொல்றதுதான் சரி. டிஎன்பிஎஸ்சி டைப்பிஸ்ட் போஸ்ட்டுக்குக் கேக்கறது தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தற ஆபீஸ் ஆட்டோமேஷன் சர்டிபிகேட், அதாவது சிஓஏ. சிசிசி நல்ல சர்டிபிகேட்தான், வேற மாநிலத்துல சில அரசு வேலைக்கு அதத்தான் கேக்கறாங்க, ஆனா இங்க அறிவிப்புல பேர் சொல்லிக் கேட்டது சிஓஏ. இன்னும் சிஓஏ முடிக்கலையேன்னு அப்ளை பண்ணாம இருந்துராதீங்க. சிஓஏ இல்லாதவங்களும் எழுதலாம், செலக்ட் ஆனா தகுதிகாண் பருவம் முடியறதுக்குள்ள பாஸ் பண்ணிக் காட்டணும். கம்ப்யூட்டர் சயின்ஸ மெயினா எடுத்து டிகிரியோ டிப்ளமோவோ முடிச்சவங்களுக்கு இது தேவையில்ல. உங்க டைப்பிங் காம்பினேஷன் அந்தப் போஸ்ட்டுக்குச் சரியா இருக்கு, சிஓஏவுக்கும் டைப்பிங் கைல இருக்கறது நல்லதாப் போச்சு. வேலைக்குப் போய்ட்டு அந்தப் பரபரப்புல படிக்கறது கஷ்டம், இப்பவே முடிச்சிருங்க.

எல்லாருக்கும் சேத்துச் சொல்றேன், கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு வேண்டிய வேலையோட அறிவிப்ப எடுத்து அதுல எந்த சர்டிபிகேட் பேர் போட்டுருக்குன்னு படிங்க. அதுக்கப்புறம் அதத் தர்ற எடத்தத் தேடுங்க. நம்ம ஆளுங்க தலைகீழா பண்றாங்க, பக்கத்துல எந்த சென்டர் இருக்கோ அதுல பணத்தக் கட்டிட்டு, முடிச்ச பிறகு இது எதுக்கு ஆகும்னு கேக்கறாங்க.

எங்க அப்பாவுக்கு 58 வயசு, விவசாயம். 2021ல ஊர் பொதுச் சேவை மையத்துல திஷான்னு ஒரு திட்டத்துல கம்ப்யூட்டர் படிச்சு சர்டிபிகேட் வாங்குனார், பிரேம் போட்டு மாட்டியிருக்கார். தங்கச்சியையும் அதுல சேக்கலாமா?
வாசகர், சங்கராபுரம்

அப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க, அந்த வயசுல மவுஸப் பிடிச்சுப் பரீட்சை எழுதுனது சாதாரணம் இல்ல, பிரேம் போட வேண்டிய விஷயம்தான். அது 2017ல ஆரம்பிச்ச மத்திய அரசுத் திட்டம், கிராமத்துல வீட்டுக்கு ஒருத்தர்ங்கற கணக்குல 14லருந்து 60 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு, 20 மணி நேரப் பயிற்சி, 25 கேள்வி. தமிழ்லயே படிக்கலாம்ங்கறதுதான் அதோட பெரிய பலம். 2024 மார்ச்சோட அந்தத் திட்டம் முடிஞ்சிருச்சு, அதனால தங்கச்சிய அதுல சேக்க முடியாது, இப்பவும் சேத்து விடறேன்னு யாராச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க. அந்த சர்டிபிகேட் அடிப்படை எழுத்தறிவு மாதிரி, வேலைக்கான தகுதின்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. தங்கச்சி நேரா சிசிசிக்குப் போகட்டும். பன்னிரெண்டாவது முடிச்சிருந்தா அதுக்கப்புறம் நைலிட் ஓ லெவல், ஒரு வருஷக் கோர்ஸ், அது வேலைக்கு இன்னும் கனமா நிக்கும்.

அக்கா, 5000 ரூபா குடுத்தா பரீட்சையே எழுதாம, பழைய தேதி போட்டு கம்ப்யூட்டர் டிப்ளமோ தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். ஒரு வேலைக்கு அவசரமா வேணும். வாங்கலாமா?
பேர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

வாங்காதீங்க. பழைய தேதி போட்டுத் தர்றதுன்னாலே அது போலி, போலின்னு தெரிஞ்சே குடுத்து வேலை வாங்குனா கேஸ் உங்க மேலயும் வரும், குடுத்தவர் அப்ப போனே எடுக்க மாட்டார். அரசுத் தேர்வுல சர்டிபிகேட் சரிபார்ப்புல மாட்டுனா அந்த வேலை மட்டும் போகாது, அடுத்து எந்தத் தேர்வும் எழுத முடியாம தடை போட்டுருவாங்க. தனியார்லயும் இப்ப சேந்து ஆறு மாசம் கழிச்சுக்கூட சரி பாக்கறாங்க. அந்த 5000ல சிசிசி கட்டணம் கட்டி, ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் கீபோர்டு மானிட்டரே வாங்கிரலாம். அவசரம்னா வேலை குடுக்கறவங்ககிட்ட நேரா போய், சர்டிபிகேட் பரீட்சைக்கு அப்ளை பண்ணிருக்கேன், இப்ப என்ன டெஸ்ட் வேணா வைங்கன்னு சொல்லுங்க, சின்ன கம்பெனிங்க பல இடத்துல அதுக்கு ஒத்துக்குவாங்க.

அக்கா, வவுனியாவில இருந்து எழுதுறன். எங்கட பக்கத்து நெனசல எண்ட அரசாங்கக் கம்பியூட்டர் நிலையத்திலதான் முதல் முதல் கம்பியூட்டர் பழகினனான். பிறகு ஒரு கடையில டைப் செட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், போட்டோ எடிட்டிங் எண்டு கனகாலமா வேலை செய்யிறன். ஓ.எல். எண்ட பள்ளிக்கூடச் சாதாரண தரப் பரீட்சையில கணக்கு பெயில், கையில ஒரு சேர்டிபிகேட்டும் இல்லை. இனி முதல்ல இருந்து படிக்கோணுமோ?
வாசகர், வவுனியா

தம்பி, தேவையே இல்ல. உங்க நாட்டுல இதுக்குன்னே ஒரு நல்ல வழி வச்சிருக்காங்க, சொல்லப்போனா இந்த விஷயத்துல நாங்க உங்ககிட்ட இருந்து கத்துக்கணும். தேசிய தொழில் தகைமை, அதான் என்விகியூ, 1லருந்து 7 மட்டம் வரைக்கும் இருக்கு. 4 வரைக்கும் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். நீங்க கோர்ஸ் படிக்காமலே, வேலைல கத்துக்கிட்டத வச்சே ஆர்பிஎல்ங்கற முறைல மதிப்பீட்டுக்குப் போகலாம், தொழில் பயிலுநர் பயிற்சி நடத்தற நைட்டாலயோ தொழிற்பயிற்சி அதிகார சபைலயோ விண்ணப்பம் வாங்கிக் கேளுங்க. ஓ.எல். கணக்கு பெயிலானது அதுக்குத் தடை இல்ல, அங்க பாக்கறது உங்களால என்ன செய்ய முடியுதுங்கறததான்.

அதுக்கு இப்பவே சேத்து வைக்க வேண்டியது, கடை முதலாளிகிட்ட எந்த வருஷத்துல இருந்து என்னென்ன வேலை செய்யறீங்கன்னு ஒரு கடிதம், நீங்க டைப் செட் பண்ண கல்யாண அழைப்பிதழ், பில் புக், நோட்டீஸ் இதோட மாதிரிங்க, வேலை செய்யற மாதிரி போட்டோ. வாடிக்கையாளரோட அடையாள அட்டை, விண்ணப்பம் இதெல்லாம் மட்டும் வைக்காதீங்க, அது அவங்க சொந்த விஷயம். மதிப்பீட்டாளர் செஞ்சு காட்டச் சொல்லுவாங்க, கடைல செய்யாத பகுதி ஏதாச்சும் இருந்தா, உதாரணமா ஸ்பிரெட்ஷீட் ஃபார்முலா, அத மட்டும் நெனசல நிலையத்துல போய்ப் பழகிக்கோங்க.

ஒருவேளை கோர்ஸே படிக்கலாம்னு நினைச்சா, மூன்றாம்நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுல அந்த நிறுவனம் பதிவாகியிருக்கான்னு மட்டும் பாத்து நின்னுராதீங்க, நீங்க சேர்ற அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்குத் தர அங்கீகாரம் இருக்கான்னும் பாருங்க. பதிவு வேற, அங்கீகாரம் வேற, அங்கீகாரம் இருந்தாத்தான் என்விகியூ சான்றிதழ் கிடைக்கும். 4 கைக்கு வந்துட்டா டிப்ளோமா வழியா ரத்மலானைல இருக்கற தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரைக்கும் உங்களுக்குப் பாதை இருக்கு.

வணக்கம். எங்க ஊர் கிளை நூலகத்துல நாங்க நாலு நண்பர்கள் சேந்து ஞாயித்துக்கிழமை ப்ரீயா கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கறோம். வர்றவங்க எல்லாரும் சர்டிபிகேட் கேக்கறாங்க. நாங்களே அடிச்சுக் குடுக்கலாமா?
வாசகர், மன்னார்குடி

மொதல்ல, நீங்க பண்றது ரொம்ப பெரிய வேலை, விட்டுராதீங்க. 1998லருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல அறிவு மையம்னு நடத்துனாங்க, வீராம்பட்டினத்துல ஊர்க்காரங்களே இன்டர்நெட்ல அலை உயரம் எவ்வளவுன்னு எடுத்து, கடற்கரைல ஒலிபெருக்கில மீனவங்களுக்குச் சொன்னாங்க. அப்படி வேலை செஞ்ச கிராமத்து ஆளுங்கள மதிச்சு பெல்லோன்னு பட்டம் குடுக்கறதுக்கே 2003ல ஒரு அகாடமி ஆரம்பிச்சாங்க. கேரளாவுல 2002ல மலப்புரத்துல அக்‌ஷயா ஆரம்பிச்சப்பவும் வீட்டுக்கு ஒருத்தருக்குக் கம்ப்யூட்டர் தெரியணும்ங்கறதுதான் குறி. ஊர்க்குள்ள நடக்கற வகுப்புக்கு அவ்வளவு சக்தி இருக்கு.

சர்டிபிகேட் குடுக்கலாம், ஆனா "இத்தனை மணி நேரம் வகுப்புல கலந்துக்கிட்டார், இதெல்லாம் கத்துக்கிட்டார்"னு மட்டும் போடுங்க. டிப்ளமோங்கற வார்த்தை வேண்டாம், அரசு முத்திரை மாதிரி எதுவும் வேண்டாம், இது வேலைக்கான தகுதிச் சான்று இல்லன்னு கீழ தெளிவா ஒரு வரி போட்டுருங்க. அந்த வரியப் போடறதுல வெக்கப்பட ஒன்னுமில்ல.

உங்க வகுப்ப சிசிசி பாடத்திட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. 80 மணி நேரம், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்னா இழுத்துக்கிட்டுப் போகும், அதனால முடிஞ்சா சனிக்கிழமையும் சேருங்க. கடைசி ரெண்டு வாரம் வகுப்பே வேண்டாம், எல்லாரையும் உக்கார வச்சு அப்ளிகேஷன் போட்டுக் குடுங்க, மேல சொன்ன பேர், ரேகை சமாச்சாரத்துலதான் நம்ம ஆளுங்க பாதி பேர் கைய விட்டுருவாங்க, பாடத்துல இல்ல. 500 ரூபா கட்ட முடியாதவங்களுக்கு ஊர்ல யாராச்சும் ஒரு கடைக்காரர்கிட்ட, பழைய மாணவர்கிட்ட கேட்டுப் பாருங்க, கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொல்றத விட ஒரு பிள்ளையோட பரீட்சைக் கட்டணம் கட்டச் சொன்னா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. பரீட்சை சென்டர் வெளியூர்ல விழும், மொத தடவ போறவங்களோட, முக்கியமா பெண் பிள்ளைங்களோட, உங்கள்ல ஒருத்தர் கூடப் போங்க. ஹால் டிக்கெட்டப் பிரிண்ட் எடுத்துக் கைல குடுத்துருங்க, ஒரிஜினல் ஆதார எடுத்துக்கிட்டாங்களான்னு பஸ் ஏறறதுக்கு முன்னாடி கேட்டுருங்க. பெயிலானவங்க திரும்பக் கட்டணம் கட்டி எழுதலாம், அவங்க பேர ஒரு நோட்டுல எழுதி வச்சு அடுத்த பேட்ச்ல கூப்பிட்டு உக்கார வைங்க.